முதுகு வலி: ஓய்வும் இயக்கமும் யார் கையில்?

உலகில் மனிதரைச் செயலிழக்கச் செய்யும் காரணங்களில் முதலிடம் வகிப்பது எது என்று கேட்டால், இதய நோய் என்றோ நீரிழிவு என்றோ பலரும் விடை கூறக்கூடும். உண்மையில் அந்த இடத்தில் இருப்பது கீழ்முதுகு வலி. 2020ஆம் ஆண்டில் 61.9 கோடிப் பேர் இந்த வலியுடன் வாழ்ந்தனர் என்றும், 2050இல் இந்த எண்ணிக்கை 84.3 கோடியை எட்டும் என்றும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டுள்ளது. உயிரைப் பறிக்காத நோய் என்பதால் இது செய்தியாவதில்லை. ஆனால், ஒரு தொழிலாளியின் உறக்கத்தையும் கூலியையும் குடும்பத்தின் நிம்மதியையும் மெல்ல மெல்லப் பறித்து, இறுதியில் வேலையையே பறித்துவிடும் வல்லமை இதற்கு உண்டு.

"முதுகொடிய உழைக்கும் மக்கள்" என்று நமது மேடைகளில் முழங்குகிறோம். "விவசாயிகளே நாட்டின் முதுகெலும்பு" என்று எழுதுகிறோம். இவை உருவகங்களாகப் பழகிவிட்டதால், அம்மக்களின் உண்மையான முதுகு என்ன ஆகிறது என்ற கேள்வி நமது கோரிக்கைப் பட்டியல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. முதுகு வலி என்றால் வயதின் கோளாறு, உடல்வாகின் குறை, அவரவர் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடும் மனப்போக்கு நம்மிடையேயும் நிலவுகிறது.

கடந்த நாற்பது ஆண்டுகளில் மருத்துவ அறிவியல் கண்டறிந்தவை இப்பார்வைக்கு இடம் தரவில்லை. நாள்பட்ட முதுகு வலிக்கு இன்று பரிந்துரைக்கப்படும் முதன்மையான மருந்துகளில் ஒன்று இயக்கம். நடப்பதும், குனிந்து நிமிர்வதும், ஒரே நிலையில் நெடுநேரம் இராமல் இருப்பதுமே அம்மருந்து. எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத இதனை உட்கொள்ள ஒருவருக்குத் தேவைப்படுவது, தன் உடலின் மீதும் தன் நேரத்தின் மீதும் உள்ள உரிமை. அந்த உரிமை யாரிடம் இருக்கிறது? முதுகு வலியை ஒரு தொழிற்சங்கப் பிரச்சனையாக, அரசியல் பிரச்சனையாக நாம் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

படுக்கை என்னும் பழைய மருந்து

முதுகு வலி என்று சென்றவரைப் பலகைக் கட்டிலில் வாரக்கணக்கில் படுக்க வைத்த காலம் ஒன்றிருந்தது. 1986இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு இந்த வழக்கத்தை முதலில் அசைத்தது. ஒரு பிரிவினரை இரண்டு நாட்களும் மற்றொரு பிரிவினரை ஏழு நாட்களும் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். வலி குறைந்ததில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை; ஆனால் குறைவாகப் படுத்தவர்கள் இழந்த வேலை நாட்கள் 45 சதவீதம் குறைவாக இருந்தன. 1995இல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. படுக்கை ஓய்வு, குறிப்பிட்ட முதுகுப் பயிற்சிகள், வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான நடமாட்டம் என மூன்று பிரிவுகள். வழக்கம்போல் நடமாடியவர்களே விரைவில் நலமடைந்தனர். படுத்திருந்தவர்கள் தேறியதுதான் மிக மெதுவாக இருந்தது.

இவை புதிதாகத் தோன்றிய வலியைப் பற்றியவை. மூன்று மாதங்களைக் கடந்து நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அதைப் பற்றியும் முடிவு இதே திசையில்தான் செல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான தனது முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. வலியைப் பற்றிய அறிவூட்டல், உடற்பயிற்சித் திட்டங்கள், உளவியல் ஆதரவு ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டை, எடை கட்டி இழுக்கும் சிகிச்சை, ஓபியம் வகை வலிநீக்கிகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. 2024இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு இன்னும் எளிமையான செய்தியைத் தந்தது. வலியிலிருந்து அண்மையில் மீண்டவர்களில் ஒரு பிரிவினருக்கு, இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலுடன் படிப்படியாக நடைப்பயிற்சி அளிக்கப்பட்டது. நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 208 நாட்கள். மற்றவர்களுக்கு 112 நாட்கள். செலவு, ஒரு சோடி காலணி, அத்துடன் நேரம்.

உடலின் அமைப்பே இதற்குக் காரணம் கூறுகிறது. டிஸ்க் என்று மக்கள் வழங்கும் முள்ளெலும்பு இடைவட்டுகளுக்கு, வளர்ந்த மனிதரிடம் நேரடி இரத்த ஓட்டம் ஏறத்தாழ இல்லை. அருகிலுள்ள எலும்பிலிருந்து ஊட்டச்சத்துகள் ஊடுருவி வந்து சேர வேண்டும். பகலில் உடலின் பாரத்தால் வட்டுகள் நீரை இழக்கின்றன. இரவில் படுக்கும்போது மீண்டும் பெறுகின்றன. காலையில் இருக்கும் உயரம் மாலையில் சற்றுக் குறைவது இதனால்தான். பாரம் ஏறுவதும் இறங்குவதும் மாறி மாறி நிகழ்வதே முதுகின் இயல்பான வாழ்க்கை. அசையாத முதுகின் தசைகள் தளர்கின்றன. தளர்ந்த தசை சிறு வேலைக்கும் வலிக்கிறது. வலிக்கு அஞ்சி மேலும் அசையாதிருக்கிறோம். இந்தச் சுழலை உடைப்பதுதான் சிகிச்சை.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல், கால்கள் வலுவிழத்தல், காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, விழுந்து அடிபட்ட பின் தோன்றும் வலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் முதுகு வலி ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், முதுகெலும்புக் காசநோயையும் மறந்துவிடக் கூடாது. இவை விதிவிலக்குகள். பத்தில் ஒன்பது பேருக்கு முதுகு வலி இன்ன உறுப்பின் இன்ன சேதத்தால் வந்தது என்று திட்டவட்டமாகச் சுட்ட முடிவதில்லை.

படமும் பயமும் சந்தையும்

ஆனால் சுட்டிக்காட்டித் தருவதாகச் சொல்லும் சந்தை ஒன்று வளர்ந்திருக்கிறது. முதுகு வலி என்று தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் உழைப்பாளி, ஒரு வார, சில வேளை ஒரு மாதக் கூலியை எம்ஆர்ஐ ஸ்கேனுக்குக் கொடுத்துவிட்டு, "தேய்மானம்", "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது" என்ற சொற்களுடன் வெளியே வருகிறார். 1994இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஓர் இடத்தில் வட்டு வீங்கியிருந்தது. எல்லா வட்டுகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 சதவீதம் பேர் மட்டுமே. நரைமுடியைப் போல வயதோடு வரும் மாற்றங்கள் பலவற்றைப் படம் நோயாகக் காட்டிவிடுகிறது.

சொல்லுக்கு உள்ள வலிமையை அறியாதவர்கள் அல்ல நாம். "உன் முதுகு தேய்ந்துவிட்டது, இனிக் குனியாதே" என்ற ஒரு வாக்கியம், ஒரு மனிதரை ஆண்டுக்கணக்கில் அச்சத்தில் வாழ வைக்கும். வலி என்றால் சேதம், அசைந்தால் சேதம் பெருகும் என்று அவர் நம்பத் தொடங்குகிறார். நடையைக் குறைக்கிறார், பொருள் தூக்குவதை விடுகிறார், பட்டையைக் கட்டிக்கொண்டு அமர்ந்துவிடுகிறார். இந்த அச்சமே வலியை நாள்பட்டதாக்கும் காரணிகளில் முக்கியமானது என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

அரசின் திட்டங்கள் இச்சந்தைக்கே துணை நிற்கின்றன. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று பெருமை பேசப்படும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மருத்துவமனையில் படுத்தவருக்கே பணம் தருகிறது. இயன்முறை மருத்துவரிடம் வாரம் இருமுறை சென்று, பயிற்சி கற்று, வீடு திரும்புகிறவருக்கு அதில் எதுவும் இல்லை. படுத்தால் காப்பீடு உண்டு, நடந்தால் இல்லை என்ற இந்த ஏற்பாடு, மருத்துவ அறிவியல் சொல்வதற்கு நேர் எதிரானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் இயன்முறை மருத்துவரை நியமிப்பதால் எந்தக் கார்ப்பரேட் மருத்துவமனைக்கும் லாபமில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

கிண்ணத்தின் இரு விளிம்புகள்

அப்படியானால், நாளெல்லாம் உடலால் உழைப்பவருக்கு முதுகு வலி வரக்கூடாதல்லவா? மூட்டை தூக்குபவரை விட அதிகமாக இயங்குபவர் யார்? இந்தக் கேள்வியில்தான் பிரச்சனையின் வர்க்கத் தன்மை வெளிப்படுகிறது.

2009இல் நெதர்லாந்தில் வெளியான ஓர் ஆய்வு, உடலியக்கத்துக்கும் நாள்பட்ட முதுகு வலிக்கும் உள்ள உறவு ஒரு கிண்ணத்தின் வடிவில் இருப்பதைக் காட்டியது. மிகக் குறைவாக இயங்குவோரிடமும் வலி மிகுதி. மிக அதிகமாக உடலை வருத்துவோரிடமும் வலி மிகுதி. நடுவில் இருப்போரே ஓரளவு தப்பிக்கின்றனர். நம் நாட்டு உழைப்பாளர்களில் பெரும்பகுதியினர் இந்தக் கிண்ணத்தின் இரு விளிம்புகளில்தான் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றனர். ஒரு விளிம்பில் சிமெண்ட் மூட்டையும் நெல் மூட்டையும் சுமப்பவர்கள், செங்கல் சூளையிலும் நடவு வயலிலும் குனிந்தவர்கள். மறு விளிம்பில் தையல் எந்திரத்தின் முன்னும், கணினியின் முன்னும், லாரியின் ஓட்டுநர் இருக்கையிலும் பத்து மணி நேரம் கட்டுண்டு கிடப்பவர்கள். முர்ஷிதாபாத்திலும் நிஜாமாபாத்திலும் திருநெல்வேலியிலும் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிக்கப்பட்டிருப்பதால், மடியில் முறத்தை வைத்து முதுகை வளைத்து அமர்ந்தவர் எழுந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கூலி இழப்பு. துண்டுக் கூலி முறை அவரைத் தரையோடு கட்டிப்போட்டிருக்கிறது.

மொழிபெயர்ப்பு மேசையில் கால் நூற்றாண்டைக் கழித்தவன் என்ற முறையில் ஒரு சொல்லாராய்ச்சியை இங்கே அனுமதியுங்கள். ஆங்கிலத்தில் "ஃபிசிக்கல் ஆக்டிவிட்டி" என்ற ஒரே தொடர், மூட்டை தூக்குவதையும் மாலையில் பூங்காவில் நடப்பதையும் ஒருசேரக் குறித்துவிடுகிறது. தமிழில் மொழிபெயர்க்க அமர்ந்தால் கை தயங்குகிறது. உடலுழைப்பு என்பதா, உடற்பயிற்சி என்பதா, உடலியக்கம் என்பதா? மூன்றும் வேறு வேறு. உழைப்பு பிறருக்காக, பிறர் வகுத்த வேகத்தில் நடப்பது. பயிற்சி தனக்காக, தான் வகுத்த வேகத்தில் செய்வது. இரண்டையும் உள்ளடக்கியது இயக்கம். தமிழ் பிரித்து வைத்திருக்கும் இந்த வேறுபாட்டை அறிவியல் ஆய்வு பின்னர் வந்து உறுதி செய்தது.

1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், லண்டன் பேருந்துத் தொழிலாளர்களை ஆராய்ந்தார். இரட்டை அடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களை விட, அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களிடம் இதய நோய் அதிகம் என்று கண்டறிந்தார். உட்கார்ந்தே இருப்பதன் தீங்கை உலகுக்கு உணர்த்திய தொடக்ககால ஆய்வு அது. ஆனால் அதிலிருந்து "உழைப்பே உடற்பயிற்சி" என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது என்று டென்மார்க்கின் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் குழுவினர் அண்மைக்கால ஆய்வுகளில் காட்டியுள்ளனர். ஓய்வு நேரத்தில் மேற்கொள்ளும் உடலியக்கம் உடலுக்கு நலம் தருகிறது; பணியிடத்தில் சுமத்தப்படும் கடும் உடலியக்கம் அந்த நலத்தைத் தருவதில்லை, கெடுதலும் செய்கிறது. பயிற்சி குறுகிய நேரம் நடக்கிறது, பலவகையானது, களைத்தால் நிறுத்திக்கொள்ளலாம், பின்பு ஓய்வு உண்டு. உழைப்போ நாள் முழுவதும் நீள்கிறது. ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருகிறது. களைத்தாலும் நிறுத்த முடியாது. மறுநாள் காலை உடல் தேறும் முன்பே மீண்டும் தொடங்கிவிடுகிறது. அதே தசை, அதே எலும்பு. வேறுபாடு, அசைவைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதில் இருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய முன்னோடி நூலில், நின்றே உழைப்போரின் நோய்களையும் அமர்ந்தே உழைப்போரின் நோய்களையும் பதிவு செய்தார். 1845இல் எங்கெல்ஸ், இங்கிலாந்தின் ஆலைகளில் வளைந்துபோன குழந்தைகளின் முதுகெலும்பை மருத்துவச் சான்றுகளுடன் முதலாளித்துவத்தின் மீதான குற்றப்பத்திரிகையில் சேர்த்தார். முதுகு நமது இயக்கத்தின் இலக்கியத்தில் தொடக்கம் முதலே இருக்கிறது. பின்னாளில் நாம் அதனை உருவகமாக்கிவிட்டோம்.

வீட்டிற்குள் வளையும் முதுகு

2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். இதனோடு மற்றொரு புள்ளிவிவரத்தையும் வைத்துப் பாருங்கள். 2022இல் இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாத பெண்கள் 57 சதவீதம்; ஆண்கள் 42 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் லான்செட் குழும இதழில் வெளியிட்ட கணக்கு இது.

ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வீட்டில் உழைப்பவரை இயக்கமில்லாதவர் என்பதா என்று சினம் எழலாம். இரண்டு கணக்குகளும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதில்தான் கொடுமை இருக்கிறது. அடுப்பின் முன் நிற்பதும், குனிந்து பெருக்குவதும், தாழ்ந்த குழாயடியில் பாத்திரம் துலக்குவதும், தண்ணீர்க் குடத்தை ஒரே இடுப்பில் சுமப்பதும் முதுகைக் களைப்பிக்கின்றன. இதயத்தையும் தசையையும் வலுப்படுத்தும் சுறுசுறுப்பான நடையை அவை தருவதில்லை. "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்று மருத்துவர் சொல்லும்போது, அந்த அரை மணி நேரத்தை அவர் யாரிடமிருந்து பெறுவார்? சமையலைக் கணவர் ஏற்றுக்கொண்டால்தான் அது கிடைக்கும். தெருவில் விளக்கும் நடைபாதையும் பாதுகாப்பும் இருந்தால்தான் பயன்படும். மாதர் இயக்கம் எழுப்பும் வீட்டு வேலைப் பகிர்வு, பொது இடங்களின் மீதான உரிமை ஆகிய கோரிக்கைகளுக்குள் முதுகு வலிக்கான மருந்தும் அடங்கியிருக்கிறது.

நேரத்தின் மீதான போர்

முதுகு வலியை மனத்தின் கற்பனை என்று நிறுவ முதலாளிகளின் தரப்பு பயன்படுத்தும் ஓர் ஆய்வு உண்டு. 1991இல் அமெரிக்காவில் 3,020 விமான உற்பத்தித் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், தமது வேலையில் மகிழ்ச்சியே காணாதவர்கள் முதுகுக் காயம் என்று முறையிடும் வாய்ப்பு மற்றவர்களை விட 2.5 மடங்காக இருந்தது. "பிடிக்காதவர்கள் சாக்குச் சொல்கிறார்கள்" என்பது நிர்வாகத்தின் வாசிப்பு. நமது வாசிப்பு வேறாக இருக்க வேண்டும். தன் உழைப்பின் மீது தனக்கே அதிகாரமில்லாத மனிதர், உழைப்பின் போது தன்னிலிருந்தே அந்நியப்படுகிறார் என்று மார்க்ஸ் 1844இலேயே விளக்கினார். அந்த அந்நியமாதல் எண்ணத்தில் மட்டும் தங்குவதில்லை. நரம்பிலும் தசையிலும் சென்று தங்குகிறது. வலி உண்மையானது. அதன் வேர் முள்ளெலும்பில் மட்டும் இல்லை.

இந்தப் பின்னணியில் இன்று நடப்பதைப் பாருங்கள். வாரம் 70 மணி நேரம் உழையுங்கள் என்று 2023இல் ஒரு கார்ப்பரேட் பிரமுகர் அறிவுரை கூறினார். 90 மணி நேரம் என்று 2025இல் மற்றொருவர் ஏலத்தை உயர்த்தினார். கர்நாடகத்தில் 2023இல் ஆலைகளுக்கு 12 மணி நேர வேலை நாளை அனுமதிக்கும் திருத்தம் நிறைவேறியது. 2024இல் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு 14 மணி நேரம் என்ற முன்மொழிவு எழுந்து, ஊழியர் சங்கத்தின் எதிர்ப்பைச் சந்தித்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நிறைவேற்றப்பட்ட 12 மணி நேரத் திருத்தம், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. நாளின் 12 மணி நேரத்தை ஆலைக்கும், இரண்டு மூன்று மணி நேரத்தைப் பயணத்துக்கும் கொடுத்தவரிடம் "நடைப்பயிற்சி செய்யுங்கள்" என்பது அறிவுரையா, ஏளனமா?

பழைய சட்டங்களும் முதுகை முழுமையாகக் காத்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், காயம் விளைவிக்கத்தக்க அளவு கனமான சுமையைத் தூக்கச் சொல்லக் கூடாது என்று 34ஆவது பிரிவும், நின்று பணிபுரிவோருக்கு இருக்கை வசதி வேண்டும் என்று 44ஆவது பிரிவும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கக் கூடாது என்று 55ஆவது பிரிவும் இருந்தன. போராடிப் பெற்ற இப்பிரிவுகள் பல ஆலைகளில் ஏட்டளவிலேயே நின்றன. முறைசாரா உழைப்பாளர்களை எட்டவே இல்லை. அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களாக அச்சட்டத்தின் அட்டவணை 29 நோய்களைப் பட்டியலிட்டது. ஈய நஞ்சு, சிலிக்கோசிஸ், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு எல்லாம் அதில் உண்டு. உழைப்பாளிகளை அதிகம் வாட்டும் முதுகு வலிக்கு இடமில்லை. புதிய தொகுப்பும் இக்குறையைச் சரிசெய்யவில்லை. 1967ஆம் ஆண்டின் சர்வதேச தொழிலாளர் அமைப்புப் பரிந்துரை, ஒரு வயதுவந்த ஆண் தொழிலாளி சுமக்கும் எடையை 55 கிலோவுக்கு மேற்படாமல் குறைக்கச் சொல்லி அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது.

இஎஸ்ஐ திட்டத்தில் உள்ளவருக்கு நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாட்களுக்குக் கிடைக்கும். அதன் பின்னர், பட்டியலில் பெயர் உள்ள சில நீண்டகால நோய்களுக்கே உதவி நீள்கிறது. 91 நாட்கள் என்பது 13 வாரங்கள். முதுகு வலி நாள்பட்டதாக மாறும் எல்லை 12 வாரங்கள். வலி தங்கிவிட்டது என்று தெரியவரும் வேளையில் உதவி நின்றுவிடுகிறது. இதுவும் இத்திட்டத்தில் இருப்போருக்கு மட்டுமே. நாட்கூலிக்காரருக்கு முதல் நாளிலிருந்தே ஒன்றுமில்லை.

உட்காரவும் எழவும் உரிமை

வழி காட்டும் போராட்டங்கள் நம் நாட்டிலேயே நடந்துள்ளன. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் துணிக்கடைகளில் நாளெல்லாம் நின்ற விற்பனைப் பெண்கள், பி.விஜி போன்றோரின் முன்முயற்சியில் அமைப்பாகத் திரண்டனர். கழிப்பறைக்காகத் தொடங்கிய போராட்டம் உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்தது. இடது ஜனநாயக முன்னணி அரசு 2018இல் கேரளத்தின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையை எழுத்தில் வைத்தது. 2021இல் தமிழ்நாடும் இதே திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஒரு நாற்காலி என்பது சிறிய கோரிக்கை போலத் தோன்றும். அது எழுப்பிய கேள்வி பெரிது: வேலை நேரத்திலும் என் உடல் என்னுடையதா?

இதன் மறுபாதியை இன்னும் நாம் எழுப்பவில்லை. நிற்பவருக்கு உட்காரும் உரிமை போல, உட்கார்ந்திருப்பவருக்கு எழும் உரிமை வேண்டும். கழிப்பறைக்குச் சென்று வந்த நிமிடங்களையும் கணக்கிடும் அழைப்பு மையங்களிலும், உற்பத்தி இலக்கு துரத்தும் தையல் ஆலைகளிலும், மணிக்கொரு முறை சில நிமிடங்கள் எழுந்து நடக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். தூக்கும் சுமைக்குச் சட்டபூர்வ எடை வரம்பு, அதனைச் சரிபார்க்கும் ஆய்வாளர், சுமையைக் குறைக்கும் எளிய கருவிகள், அவை வரும்போது வேலை பறிக்கப்படாது என்ற உத்தரவாதம் ஆகியவை சுமைப்பணித் தொழிலாளர் சங்கங்களின் கோரிக்கையாக வேண்டும். தொழில்சார் நோய்ப் பட்டியலில் முதுகு நோய் சேர்க்கப்பட வேண்டும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இஎஸ்ஐ மருந்தகத்திலும் இயன்முறை மருத்துவர் நியமிக்கப்பட வேண்டும். முதுகு வலியுள்ள தொழிலாளிக்கு முழு ஓய்வு அல்லது முழு வேலை என்ற இரண்டே வழிகளை முன்வைக்காமல், ஊதியக் குறைப்பின்றி இலகுவான பணிக்குப் படிப்படியாகத் திரும்பும் ஏற்பாடும் வேண்டும்.

நமக்குள்ளும் பேச வேண்டியது உண்டு. தோழர்கள் வலியைப் பொறுத்துக்கொள்வதைத் தியாகமாகப் போற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரவுப் பேருந்தில் பயணம், காலையில் தொடங்கி மாலை வரை அசையாமல் நீளும் கூட்டம், மீண்டும் இரவுப் பேருந்து. கூட்டத்தின் நடுவே எழுந்து சுவரோரம் நிற்கும் தோழரைக் கவனமில்லாதவர் என்று பார்க்கும் கண்கள் இன்னும் இருக்கின்றன. மணிக்கொரு முறை ஐந்து நிமிட இடைவேளை விடுவதால் எந்தத் தீர்மானமும் தாமதமாகிவிடாது. கட்சி அலுவலகங்களிலும் பதிப்பகங்களிலும் தட்டச்சு, மெய்ப்பு, மொழிபெயர்ப்பு மேசைகளில் அமர்ந்திருக்கும் தோழர்களின் நாற்காலி எப்படி இருக்கிறது என்று குழுக்கள் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். வெளியே நாம் கோரும் பணியிட நெறிகளை உள்ளே நடைமுறைப்படுத்துவதும் அரசியல் பணியே.

இவையெல்லாம் மாறிய பின்னர்தான் நடக்கத் தொடங்குவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான இயக்கத்தைப் பரிந்துரைக்கிறது. நாள்பட்ட நோய்களுடன் வாழ்வோருக்கும் இயன்ற அளவு இயங்குவது நலம் என்றும், சிறிதளவாயினும் ஒன்றுமில்லாததை விட மேல் என்றும் கூறுகிறது. வலியுள்ள தோழர் இன்று ஐந்து நிமிடம் நடக்கலாம்; அடுத்த வாரம் பத்து நிமிடமாக்கலாம். நடக்கும்போது சற்று வலித்தால் முதுகு உடைகிறது என்று பொருளில்லை. தன்னைத் தேற்றிக்கொள்ளும் தனிமனித முயற்சிக்கும், அந்த முயற்சிக்கு நேரம் தராத அமைப்பை மாற்றும் கூட்டு முயற்சிக்கும் இடையே முரண்பாடு எதுவுமில்லை. முன்னது பின்னதற்கு வலு சேர்க்கும்.

1886இல் சிகாகோ தொழிலாளர்கள் நாளை மூன்றாகப் பகுத்தனர். எட்டு மணி நேரம் உழைப்புக்கு, எட்டு மணி நேரம் உறக்கத்துக்கு, எஞ்சிய எட்டு மணி நேரம் தமக்கு. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது உயர்த்திய பதாகையும் அந்த மரபைச் சேர்ந்தது. மூன்றாவது எட்டு மணி நேரத்தைத்தான் இன்று மூலதனம் குறிவைக்கிறது. படிப்பதும், பேசுவதும், குழந்தையுடன் விளையாடுவதும், சங்கக் கூட்டத்துக்குச் செல்வதும், முதுகு நிமிர்ந்து நடப்பதும் அந்த எட்டு மணி நேரத்தில்தான். அடுத்த கோரிக்கை மனுவைத் தயாரிக்க அமரும் சங்கத் தோழர்கள், கூலியையும் நிரந்தரத்தையும் எழுதி முடித்த பின், உறுப்பினர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு வரட்டும்: உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? கிடைக்கும் விடைகளிலிருந்தே மனுவின் அடுத்த பக்கத்தை எழுதிவிடலாம்.